புனல் வைத்த பெட்டியும் வாடகை வீடும்

என் வீட்டில் பாட்டுப் பெட்டி வாங்கி வைத்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனியும் கேட்பதாக உத்தேசம் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் என்னைப் பார்த்தால் ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். திரும்பிக்கொள்ளட்டும், கழுத்து அவர்களுடையது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சு வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் என் முகத்தைவிட என் சம்பளத்தைத்தான் உற்றுப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தோல் சீவுகிற வேலை செய்தவர். நான் நர்சுப் படிப்பு முடிக்கும் முன்பே இருமி இருமிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அதே ஷாப்பில் தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டையை இடித்தவள். முப்பது வருஷம் இடித்து, பட்டைத் தண்ணீரில் நின்று நின்று, பாதத்தில் வெடிப்பு ஆறாமல் போனபிறகு வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து தங்கினாள்.

நாங்கள் இருந்த வீடு எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர் ஒருவருக்குச் சொந்தம். ஆவாரம்பட்டை வாங்கித் தோல் ஷாப்புகளுக்கு விற்கிற வியாபாரி அவர். நடுவில் ஒரே சுவரை வைத்து அடுத்தடுத்து இரண்டு வீடு கட்டி, ஒன்றில் அவர் இருந்தார், மற்றதில் எங்களை வைத்திருந்தார். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கொல்லையில் பொதுவாக ஒரு கிணறு. அந்தக் கிணறுதான் அம்மாவுக்குப் பெரிய வரம். தெருக்குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க அவள் காலால் ஆகாது.

பாட்டென்றால் எனக்கு உயிர். ஆனால் நான் கேட்ட பாட்டெல்லாம் பிறத்தியார் வீட்டுப் பாட்டு. டூட்டிக்குப் போகிற வழியில் ஒரு வக்கீல் வீட்டில் கிராமபோன் வைப்பார்கள். அந்த ஜன்னலுக்கு நேராக வந்ததும் செருப்பு வார் அறுந்துவிட்டதுபோலக் குனிந்து நின்று கேட்பேன். ஒருநாள் அந்த வீட்டு வேலையாள் வாசலைப் பெருக்கிக்கொண்டே, "வாரத்துக்கு எத்தினி தபாம்மா உங்க வாரு அறுவுது?" என்று கேட்டான். சிரிக்காமல் கேட்டான். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. இனி ஒருத்தர் ஜன்னலுக்குக் கீழே குனிவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பஜாரில் கடிகாரம் பழுது பார்க்கிற சாயபு ஒருவர் கிராமபோனும் விற்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அங்கே போனேன். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, மூடிவைத்தால் டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கிற புது வகை. புனல் வெளியே தெரியாது. இன்னொன்று, பழைய காலத்துப் பெட்டி. மேலே பெரிய பித்தளைப் புனல்.

"நர்சம்மா, இப்ப எல்லாரும் புனல் இல்லாததுதான் கேக்குறாங்க. இந்தப் பழசை எவனும் சீண்டறதில்ல" என்றார்.

"எவனும் சீண்டாததைத்தான் காட்டுங்க பாய். விலை கம்மியா இருக்கும்" என்றேன்.

அவர் ஒரு இசைத்தட்டைப் போட்டார். கடை முழுக்க ஒரு பெண் குரல் எழுந்தது. புது வகைப் பெட்டியில் அதே தட்டைக் கேட்டபோது குரல் சுத்தமாக இருந்தது, ஆனால் பெட்டிக்குள் இருந்து வந்தது. புனலில் வந்த குரல் எனக்கு எதிரே உட்கார்ந்து பாடியது. மனசு அங்கேயே சாய்ந்துவிட்டது. ஆனால் ஏழையின் மனசு சாய்ந்தது தெரிந்தால் கடைக்காரர் விலையைக் கூட்டுவார் என்பது எனக்குத் தெரியாதா. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தணும்?" என்று கேட்டேன்.

"எழுபத்தெட்டு."

சேலையில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கையில் எடுத்தேன். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது ஒவ்வொரு தடவை என் பக்கம் வரும்போதும் எண்ணினேன். நாள் முழுக்க நாடி பார்க்கிறவளுக்கு அது ஒரு வேலையா. முதல் நிமிஷம் எழுபத்தெட்டு. அடுத்தது எண்பத்து நான்கு. அதற்கடுத்தது எழுபத்து மூன்று.

"பாய், இந்த ஆளுக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

சாயபு கொஞ்ச நேரம் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கவிழ்த்து உள்ளே காட்டினார். முறுக்கேற்றிய சுருள்வில் அவிழும்போது மூன்று சின்னக் குண்டுகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் அவை விரிந்து ஒரு தகட்டை நகர்த்தும். அந்தத் தகடு விரல்நகம் அளவு ஒரு தோல் துண்டில் உரசும். அந்த உரசல்தான் வேகத்தைப் பிடித்து வைப்பது. அந்தத் தோல் தேய்ந்து பிசுபிசுத்துப் போயிருந்தது.

"மெட்ராஸ்லேந்து வரணும். ரெண்டு மாசம் ஆவும். அதான் விலை கம்மி" என்றார்.

"தோலுக்கு நாங்க மெட்ராசுக்குப் போவணுமா பாய்?" என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். மூன்று இசைத்தட்டும் ஒரு டப்பா ஊசியும் வாங்கிக்கொண்டு, புனலை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கினேன். தெருவே பார்த்தது.

அம்மா பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். தோல் மண்டியில் தோல் பார்க்கிற மாதிரி விரலால் தட்டினாள், முகர்ந்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோ பெரிய வாயி?"

"பாடும்மா."

"நம்ம வூட்லயா?" என்றாள். அதில் சந்தோஷம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கே இரண்டு நாள் ஆனது. முக்காலியில் வைத்தால் நாங்கள் நடக்கும்போதெல்லாம் ஊசி துள்ளியது. கடைசியில் அரிசி வைக்கிற மரப்பெட்டியின் மேல் பழைய கம்பளியை நான்காய் மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தோம். ஒரு சோற்றுத் தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்து, சாய்வு தெரிந்த பக்கம் அட்டை செருகிச் சமப்படுத்தினேன். புனலை மூலைப் பக்கம் திருப்பினால் சுவரெல்லாம் முழங்கி வார்த்தை கலங்கியது. அறையின் குறுக்கே, சமையல்கட்டைப் பார்த்து வைத்தபோதுதான் ஒவ்வொரு வார்த்தையும் அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா வரைக்கும் தெளிவாகப் போனது.

ஆனால் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பாடுகிறவள் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. அம்மா அந்தத் தோல் துண்டைக் கேட்டாள். கழற்றிக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"மாட்டுத் தோலு. அதுவும் கழிசல். இவ்ளோ அழகான பொட்டிக்கு இதையா வெப்பானுங்க, படுபாவிங்க" என்றாள்.

தன் துணி மூட்டையிலிருந்து ஒரு ஆட்டுத் தோல் துண்டை எடுத்தாள். ஷாப்பில் முதல் தரம் என்று தனியே எடுத்து வைக்கிற தோல் அது. பட்டு மாதிரி இருக்கும். அதை உடைந்த கண்ணாடிச் சில்லால் சீவிச் சீவி வெற்றிலை கனத்துக்குக் கொண்டுவந்தாள். புங்க எண்ணெய் தடவி, காது மடல் மாதிரி மெத்தென்று ஆகும் வரை விரலால் நீவினாள். அப்பா செய்த வேலையை அவள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

துண்டை மாட்டி, முறுக்கேற்றி, ஊசியை வைத்தேன். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. பாடுகிறவள் குரல் அணிற்பிள்ளைக் குரலாகிவிட்டது. மூன்று நிமிஷப் பாட்டு இரண்டு நிமிஷத்தில் மூச்சு வாங்கி முடிந்தது. எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதினைந்து.

"ஜுரம் வந்துடுச்சும்மா" என்றேன்.

"தோலு நல்ல தோலு. அவளுக்கு இன்னா அவசரமோ, யாருக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

மூன்று நாள் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் மெலிதாகச் சீவினாள், இன்னும் எண்ணெய் தடவினாள். வேகம் இன்னும் கூடியது. தோல் என்றால் மெலிதாக, மெத்தென்று இருக்க வேண்டும், விறைப்பாக இருந்தால் கழித்துவிட வேண்டும் என்பது தோல் வேலையே கதியான எங்கள் ஜனங்களின் எலும்பில் ஊறிப்போன பாடம். ஷாப்பில் மேஸ்திரி திட்டியதெல்லாம் அதற்காகத்தான். நான் பெட்டியைக் கவிழ்த்து, வில் அவிழும்போது தகடு எப்படி நகர்கிறது என்று அவளுக்குக் காட்டினேன். "இது வழுக்கிக் குடுக்கக் கூடாதும்மா. மறிச்சு நிக்கணும்" என்றேன்.

அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் பழைய செருப்பின் குதிகாலிலிருந்து ஒரு துண்டை அறுத்து வந்தாள். மிதிபட்டு மிதிபட்டுக் கல்லாக இறுகிய தோல். எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. மாட்டினோம். எண்ணினேன். எழுபத்தெட்டு. அடுத்த நிமிஷமும் எழுபத்தெட்டு. தட்டு முடியும் வரை ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

"முப்பது வருஷமா கழிச்சி கழிச்சிப் போட்டோமேடி" என்றாள் அம்மா. அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, கோபமும் இருந்தது.

பாட்டு சரியாக வந்ததும் வினை வந்தது. அணிற்பிள்ளைக் குரல் ஓடிய வரைக்கும் தெருவில் எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். உண்மையான பெண் குரல் சாயங்கால வேளையில் ஜன்னல் வழியே தெருவுக்குப் போன அன்று, போகிறவர்கள் நின்றார்கள். ஷாப்பிலிருந்து திரும்புகிற ஆட்கள், மோர் விற்கிறவர், தபால்காரர் என்று ஏழெட்டுப் பேர். மறுநாள் அதைவிட அதிகம். மூன்றாம் நாள் மூப்பர் வந்தார்.

வாசற்படியில் நின்றபடியே பேசினார். உள்ளே வரமாட்டார், பாட்டு ஒட்டிக்கொண்டுவிடும் அல்லவா.

"நர்சம்மா, இது இன்னா கூத்து? கன்னிப் பொண்ணு இருக்குற வூடு. தாசி பாட்டு வெக்கிறீங்க. வாசல்ல ஆம்பளைங்க நிக்குறாங்க. பாக்குறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"பாட்டு நல்லா இருக்குதுன்னு நெனைப்பாங்க ஐயா."

"நம்ம சபைக் கீர்த்தனை பிளேட்டு கெடைக்குதாம். அதை வெச்சிக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"கீர்த்தனையும் வாங்கிக்கிறேன். இதையும் கேக்குறேன்."

அவர் முகம் கறுத்தது. "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். ஒண்ணு பொட்டி போவணும். இல்லாட்டி நீங்க போவணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்குப் பயமாக இருந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வேலூரில் வீடு கிடைப்பது சுலபம் இல்லை. அதிலும் எங்கள் ஜனங்கள் என்று தெரிந்தால் பாதிக் கதவு தட்டும் முன்பே சாத்தியிருக்கும். வீடு போய்விட்டால் அம்மாவின் காலுக்கு என்ன வழி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனுஷன் சொன்னதில் எனக்குத் தாங்க முடியாதது வேறு. வக்கீல் வீட்டில் அதே பாட்டு, அதே குரல். அங்கே அதற்குப் பெயர் சங்கீதம். என் வீட்டுக்கு வந்ததும் அதற்குப் பெயர் கூத்து.

அம்மா பயந்துவிட்டாள். மறுநாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது புனலின் வாயில் தன் பழைய சேலையைச் சுருட்டி அடைத்திருந்தாள். பாட்டு போர்வைக்குள்ளிருந்து முனகுகிற நோயாளி மாதிரி கேட்டது. நான் சேலையைப் பிடுங்கி எறிந்தேன். அன்றைக்கு எங்களுக்குள் பெரிய சண்டை.

"ஒனக்கு இன்னாடி, நீ காலைல கெளம்பிப் போய்ட்டு சாயங்காலம் வர்ற. நான்தான இந்த வூட்ல கெடக்குறேன். எனக்குக் கெணறு வேணும். இந்தப் பொட்டிய அந்த சாயபுகிட்டயே குடுத்துடு" என்றாள்.

"மூப்பர் சொன்னா நீ மூச்சக்கூட அடக்கிப்ப" என்று நான் கத்தினேன். பெற்றவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை. சொன்னேன். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் பெட்டி வாய் திறக்கவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வெடித்த காலோடு அவளைக் குடம் தூக்க வைத்துவிட்டு எனக்கு என்ன பாட்டு என்று எனக்கே தோன்றியது. திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று சாயபுவிடம் கேட்டும் வைத்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொண்டாங்க" என்றார்.

மாசக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பே மூட்டாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு ஏதோ என்று பயந்து கையைப் பிடித்து நாடி பார்த்தேன். கையை உதறினாள்.

"அந்த ஆளு வந்தான்" என்றாள். மூப்பரை அவள் 'ஐயா' என்றல்லாமல் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

"இன்னா சொன்னாரு?"

"பொட்டி போச்சான்னு கேட்டான். இன்னும் இல்லீங்க, பொண்ணு குடுத்துடுவான்னு சொன்னேன். சரின்னு போவ வேண்டியதுதான? நின்னு சிரிக்கிறான். 'பொண்ணாவது படிச்சவ, ஏதோ ஆசை. பட்டை இடிச்சவ ஒனக்கு இன்னாத்துக்குப் பாட்டு?'ன்றான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் இடிச்ச பட்டைய வித்துத்தாண்டி அவன் இந்த ரெண்டு வூட்டையும் கட்டினான்" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவே இல்லை. "முப்பது வருஷம் இடிச்சேன். ஒலக்கை சத்தத்தைத் தவிர இந்தக் காதுல ஒண்ணும் வுழுந்ததில்ல. எனக்கு இன்னாத்துக்குப் பாட்டாம். வேற வூடு பாரு."

"கிணறு?"

"கெணறு எங்கப்பன் வூட்டுதா? வேற வூடு பாரு."

சாயபுவிடம் ஓடினேன். பெட்டி வரவில்லை, வீடுதான் வேண்டும் என்றேன். அவர் சொந்தக்காரர் ஒருவருக்குப் பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு இருந்தது. பாட்டு வைப்பேன் என்று முதலிலேயே சொன்னேன். "நமாஸ் நேரத்துல மட்டும் நிறுத்திக்கமா" என்றார் அந்த வீட்டுக்காரர். அதைவிட நியாயமான பேச்சை அந்த மாசத்தில் நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. கிணறு கிடையாது, குழாய் தெருமுனையில். காலையில் டூட்டிக்குப் போகும் முன் நானே நாலு குடம் கொண்டுவந்து ஊற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பல வருஷம் ஊற்றினேன். இடுப்பு வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும்.

மாசக் கடைசி நாள் காலையில் மாட்டுவண்டி வந்து நின்றது. பாத்திரம், துணி, பாய், அரிசி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பெட்டியைக் கடைசியில் ஏற்றலாம் என்று வெற்று அறையில் அந்த மரப்பெட்டியோடு விட்டு வைத்திருந்தோம். மூப்பர் சாவி வாங்க வந்து வாசலில் நின்றார். சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பக்கம் போய்க் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். அதுவரை அவள் தானாக அதைத் தொட்டு முறுக்கேற்றியதே இல்லை. நான் செய்வதைப் பார்த்துத்தான் இருக்கிறாள். தட்டை வைத்தாள். ஊசியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கினாள். வெற்று அறையில் அந்தக் குரல் சுவருக்குச் சுவர் மோதி, திறந்திருந்த கதவு வழியாக மூப்பரைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"சாவியக் குடும்மா, எனக்கு வேலை இருக்குது" என்றார் மூப்பர்.

"பாட்டு ஓடுது ஐயா" என்றாள் அம்மா.

தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். வண்டிக்காரர் நுகத்தடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். மூப்பரால் உள்ளே வரவும் முடியவில்லை, சாவியில்லாமல் போகவும் முடியவில்லை. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிஷம், ஒரு தாசியின் பாட்டை அவர் முதலிலிருந்து முடிவு வரை நின்று கேட்டார். என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக நான் எந்தப் பாட்டையும் கேட்டதில்லை.

பாட்டு முடிந்தது. மூப்பர் கையை நீட்டினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானைப் பக்கம் அவள் கை போகவில்லை.

"இதுக்கு இன்னொரு பக்கம் இருக்குது ஐயா" என்று சொல்லிவிட்டு, தட்டைத் திருப்பிப் போட்டாள்.